பிரதிக்கு நோயில்லை

சந்தனமாரி தன் அக்காளைக் கைத்தாங்கலாக வகுப்புக்குள் கூட்டி வந்து, பெரிய திரைக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்தாள். பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்புப் படிக்கிறவர்கள் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். பாதிப் பேர் டாக்டர்கள், கொஞ்சம் நர்சுகள், மிச்சம் கணினிக்காரர்கள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நாட்டின் சுகாதார அமைப்பையும் கணினிவழி மருத்துவக் கொள்கையையும் சொல்லிக்கொடுக்கிற அந்த வகுப்புக்கு இதுவரை வரைபடங்கள்தான் வந்திருக்கின்றன. ஆள் யாரும் வந்ததில்லை.

“இவங்க பேரு பேச்சித்தாய். என் கூடப்பொறந்தவங்க. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துல வேலை. இன்னிக்குப் பாடம் இவங்கதான்” என்றாள் சந்தனமாரி.

“ஏளா மாரி, என்னைய வச்சா பாடம்?” என்றாள் பேச்சித்தாய். “ரெண்டாப்புத் தாண்டாதவ காலேஜுக்குள்ள நாக்காலி போட்டு உக்காந்திருக்கான்னு கேள்விப்பட்டா எங்க கணக்கப்பிள்ள வயிறெரிஞ்சே சாவான்.”

வகுப்பு சிரித்தது. சந்தனமாரி சிரிக்கவில்லை. காலையில் எழும்பூரில் ரயில் நின்றபோது அக்காள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கால் செருப்புக்குள் நுழையவில்லை. பாதம் இரண்டும் புளித்த மாவாகப் பொங்கியிருந்தன. கண்ணுக்குக் கீழே நீர்கோத்துப் பை கட்டியிருந்தது. ஊர் ஆஸ்பத்திரிக்குப் போன போதெல்லாம் வாசலில் இருக்கிற கருவி, ‘உங்கள் பிரதி நலமாக உள்ளது, போய் வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. இவளும் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். கருவியைக் கும்பிட்டாளாம்.

“கிரேஸ்லின், பிரதிச் சட்டத்தோட முதல் விதி என்ன?”

கிரேஸ்லின் நாகர்கோவில்காரி, அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் முதலில் எழுந்துவிடுகிறவள். “நோயாளி என்பவர் அவரது பிரதியே, மேடம்.”

“எங்க அக்காவுக்கு வெளங்கற மாதிரி சொல்லு.”

கிரேஸ்லின் கொஞ்சம் யோசித்தாள். “அக்கா, நம்ம எல்லாருக்கும் கையில போட ஒரு பட்டை குடுத்திருக்காங்கல்லா? அது நாடி, சூடு, வேர்வை, நடை, தூக்கம் எல்லாத்தையும் நலவாரியத்துக்கு அனுப்பும். அங்க மிஷினுக்குள்ள உங்கள மாதிரியே இன்னொரு ஆளு உண்டு. அதுதான் பிரதி. டாக்டர் அதைத்தான் பாப்பாங்க. அதுக்குச் சீக்கு வந்தா உங்களைக் கூப்பிடுவாங்க.”

“அவளுக்கு வரலைன்னா?”

“உங்களுக்கும் இல்லைன்னு அர்த்தம்.”

“குடுத்து வச்ச சிறுக்கி” என்றாள் பேச்சித்தாய்.

திட்டம் வந்த காலத்தில் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர்களில் சந்தனமாரியும் ஒருத்தி. பொய் சொல்வானேன்? பிரதிக்குக் கிழிந்த சேலை கிடையாது. சாதி கிடையாது. வார்டு ஆளுக்கு நீட்டுவதற்குக் காசு வேண்டாம், டாக்டருக்கு முன்னால் நாக்குக் குழற வேண்டாம். ஏழையும் பணக்காரனும் எண்களாக ஒரே வரிசையில் நிற்பார்கள். இந்த அறையில் இதே வார்த்தைகளை வருஷா வருஷம் நிதானமான குரலில் அவள் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகளும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சந்தனமாரி அக்காளின் பட்டையைத் திரையில் ஒற்றினாள். பச்சைப் பசேலென்று ஒரு பெண்ணுருவம் சுவரில் எழுந்தது. நல்ல தூக்கம். நல்ல நாடி. சிறுநீரகம் இரண்டும் நலம்.

“பைசல், நீ வந்து பாரு. சுவரை இல்ல. ஆளை.”

பைசல் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற டாக்டர். எழுந்து வந்தவன் கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றான். நோயாளியின் உடம்பைத் தொட்டுப் பார்த்து அவனுக்கு வருஷக் கணக்காகிறது. பிறகு குனிந்து கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினான். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே கிடந்தது. கண்ணிமையை இழுத்துப் பார்த்தான்.

“அம்மா, குமட்டல் இருக்கா? வாய் கசக்குதா?”

“சோத்தப் பாத்தாலே கொமட்டுது தம்பி. இரும்பை நக்குன மாதிரி நாக்கெல்லாம் ஒரே கசப்பு.”

பைசல் நிமிர்ந்தான். “மேடம், வெளியில ரத்தம் குடுத்துப் பாத்தீங்களா?”

“காலையிலயே பாத்துட்டேன். நீ நெனைக்கறதுதான். சிறுநீரகம் ரெண்டும் போச்சு. ஆனா வெளிச்சோதனை செல்லாதே.”

“இந்த வாரமே டயாலிசிஸ் தொடங்கணும் மேடம். இல்லைன்னா...” என்று இழுத்தான்.

“இல்லைன்னா என்ன? சொல்லு தம்பி. நான் உப்புல நின்னவ. கண்ணீர் விட்டா புண்ணு எரியும்னு அழுகையை விட்டே ரொம்ப நாளாச்சு.”

“ரொம்ப நாள் தாங்காதும்மா.”

“அப்பம் உன் ஆஸ்பத்திரியில உக்காரவை.”

“நான் உக்காரவைக்கலாம். நாற்காலி ஓடாதும்மா. எல்லா டயாலிசிஸ் நாற்காலியும் பிரதியைக் கேட்டுட்டுத்தான் ஓடும். தனியார் ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான்.”

சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று எதையோ நோண்டிக்கொண்டிருந்த ரிஷிகேசவன் திரும்பினான். மென்பொருள் கம்பெனி வேலையை உதறிவிட்டுப் படிக்க வந்தவன் அவன். “மேடம், இவங்க பட்டை பகல்ல பேசவே இல்ல. சாயங்காலம் தொடங்குது, விடியறதுக்கு முன்னாடி நின்னு போகுது. விடுபட்ட பகல் நேரத்தை மிஷின் சராசரியால ரொப்பியிருக்கு.”

“சராசரின்னா?” என்று கேட்டாள் பேச்சித்தாய்.

“இதே வயசுப் பொம்பளைங்க நாடு முழுக்கப் பகல்ல என்ன செய்றாங்களோ அது. சமையல், கடை, டிவி, மத்தியானம் ஒரு தூக்கம்.”

சந்தனமாரி அக்காள் பக்கம் குனிந்தாள். “பகல்ல பட்டையை எங்க வைக்கறே?”

“சாமி படத்துக்குப் பக்கத்துல.”

“ஏன்க்கா?”

பேச்சித்தாய் தங்கச்சியைக் கோட்டிக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “ஏன்னா கேக்க? டாக்டரம்மா அது வழியாத்தான் உங்களைப் பாப்பாவன்னு குடுக்கும்போதே சொன்னாவல்லா. டாக்டரு முன்னால வேர்வை நாத்தத்தோடவா போயி நிப்பாவ? வேலை முடிஞ்சு, குளிச்சு, வெளுத்த சேலை உடுத்தி, தலையைச் சீவிட்டுத்தான் போடுவேன். நான் மட்டுமா? அளத்துல அம்புட்டு பேரும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குன்னா நீ எப்படிப் போவ?”

அரசாங்கம் இத்தனை வருஷமாக உப்பளத்துச் சனத்தைக் குளித்து முடித்த பிறகே பார்த்துக்கொண்டிருந்தது. வெயிலில் வெந்து, உப்புநீரில் வெடித்து, குடிதண்ணீரை அளந்து குடித்து, ஒதுங்க மறைவில்லாமல் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நிற்கிற உடம்பை அது ஒருநாளும் கண்டதில்லை. அது கண்டதெல்லாம் தலைசீவிப் பொட்டுவைத்த உடம்பு. அதைப் பார்த்துத்தான் ‘இப்பகுதியில் நோய்ச்சுமை மிகக் குறைவு’ என்று எழுதி, பக்கத்து ஊர் டயாலிசிஸ் நிலையத்தைப் பூட்டி, நாற்காலிகளை வேறு மாவட்டத்துக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். போன வருஷம்.

“பிழைத்திருத்த மனு போடலாம்ல மேடம்?” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

“போடக் கூடாது” என்றாள் கிரேஸ்லின். “பட்டையைக் கழட்டி வச்சா அது தரவு மோசடி. ஒரு வருஷம் சிகிச்சை நிறுத்தம். ஒரு இடத்துல எல்லாருமே கழட்டியிருந்தா எல்லாருக்கும் நிறுத்தம்.”

“அப்பம் நெசத்தைச் சொன்னா அளத்துக்கே ஆஸ்பத்திரியை அடைச்சிருவாவ. அப்படித்தான?” என்று கேட்டாள் பேச்சித்தாய். “பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ நெசத்தைச் சொல்லணும்னு படிச்சிட்டு வருது.”

ரிஷிகேசவன்தான் மறுபடியும் பேசினான். “மனு வேணாம். மாசக் கடைசியில மிஷின் எல்லாப் பிரதியையும் புதுசாக் கணக்குப் பண்ணும். இன்னும் ஒரு வாரந்தான் இருக்கு. இன்னியிலேருந்து எல்லாரும் வேலையில பட்டையைப் போட்டுக்கிட்டா பிரதிக்கு உண்மை தெரிஞ்சிரும். அப்புறமும் சிகிச்சை மறுத்தா மேல்முறையீடு பண்ணலாம். தெக்கு மாவட்ட மேல்முறையீடு நம்ம மேடம் குழுவுக்குத்தானே வருது?”

“வரும்” என்றாள் சந்தனமாரி. தெற்கு மாவட்டங்களின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. பேர் வராது, எண்தான் வரும். ஆனால் அக்காளின் எண் அவளுக்குத் தெரியும்.

“பின்ன என்ன கவலை? நீ இருக்கேல்லா” என்று எழுந்தாள் பேச்சித்தாய். “சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடு. நான் போயி வேலையில நிக்கேன்.”

பைசல் குறுக்கே வந்தான். “அம்மா, நீங்க இருக்கற நிலைமையில வெயில்ல நிக்கவே கூடாது!”

“நான் நிழல்ல உக்காந்திருந்தா அந்தப் பட்டை என்னையச் சொகவாசின்னுல்லா சொல்லும்? எனக்குச் சீக்குன்னு நான் வேலை செஞ்சுதான தம்பி காட்டணும்?”

அதுதான் சட்டம்.

*

அளத்தில் காலை ஒன்பது மணிக்கே கண் கூசியது. கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்திகள். மேலே ஒரு சூரியன், கீழே பாத்திக்கு ஒரு சூரியன். சந்தனமாரியும் மாணவர்கள் மூவரும் வரப்பில் நின்றார்கள். குடை பிடிக்கக் கை வந்தது, வெட்கமாக இருந்தது, மடக்கிவிட்டார்கள்.

பேச்சித்தாய் முந்தின நாளே ஆள் ஆளாகப் போய்ச் சொல்லியிருந்தாள். பெண்கள் ரப்பர் பூட்சும் பழைய சட்டையுமாகப் பாத்தியில் இறங்கினார்கள். இடது மணிக்கட்டில் பட்டை. புது வளையல் போட்ட கல்யாணப்பெண்ணைக் கேலி செய்வதுபோல ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டார்கள்.

“ஏட்டி, டாக்டரு பாக்காவ, முகத்தைச் சிரிச்ச மாதிரி வையி!”

“இந்த நாத்தத்தைப் பாத்தா டாக்டருக்குத்தான்ட்டி ஊசி போடணும்.”

பேச்சித்தாய் வாருபலகையைப் பிடித்து உப்பை இழுத்தாள். இழுத்தாள், நின்றாள், மூச்சு வாங்கினாள், மறுபடியும் இழுத்தாள். சந்தனமாரி பாத்திக்குள் இறங்கிப் பலகையைப் பிடுங்கப் போனாள்.

“தள்ளு. நீ பிடிச்சா அது உன் கணக்குல ஏறிரும்” என்றாள் அக்காள். வாய் சிரித்தது. உதடு வெளுத்திருந்தது.

உச்சிக்கு முன்பே பட்டைகள் பேசத் தொடங்கின. ஒரே பெண்குரல். இனிமையான குரல். ஒரு கையில் தொடங்கி, அடுத்த பாத்தியில் கேட்டு, அளம் முழுக்கக் கூட்டம் கூட்டமாகக் கேட்டது. ‘உங்கள் உடல் களைப்படைந்துள்ளது. தயவுசெய்து ஓய்வெடுங்கள்.’

“என்னமாப் பேசுதா பாரு!” என்றாள் தலையில் உப்புப் பெட்டியுடன் போன ஒருத்தி. “ஏளா பொன்னுத்தாயி, இவளைக் கணக்கப்பிள்ளகிட்டக் கூட்டிட்டுப் போ. அவனுக்கு எடுத்துச் சொல்லட்டும்.”

அம்பாரமாகக் குவிந்த உப்புக்கு அந்தப் பக்கம் வரைக்கும் சிரிப்பு போயிற்று. கணக்கப்பிள்ளை கொட்டகையிலிருந்து வெளியே வந்து, “என்ன எளவு சத்தம் அது?” என்று கத்தினார். பதிலுக்கும் அந்த இனிமையான குரல்தான் நூறு கைகளிலிருந்து கேட்டது.

வரப்பில் ரிஷிகேசவனின் கையிலிருந்த சின்னத் திரையில் பிரதிகள் நிறம் மாறின. பச்சை மஞ்சளாயிற்று. மஞ்சள் சிவப்பாயிற்று. பைசல் பார்த்துக்கொண்டே நின்றான். “இத்தனை பேரா?” என்றான். “மேடம், பேச்சித்தாயம்மா மட்டும் இல்ல. இங்க பாதிப் பேருக்குச் சிறுநீரகம் கெட ஆரம்பிச்சிருக்கு. சின்ன வயசுப் பொண்ணுங்களுக்குக் கூட.”

“இப்பவாவது தெரிஞ்சுதே” என்றாள் கிரேஸ்லின்.

அந்த வாரம் முழுக்க அளத்துச் சனம் பட்டையோடு வேலை செய்தது. பேச்சித்தாய் தினமும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வரப்பில் சாய்ந்து கிடந்தாள். ஒவ்வொரு நாளும் அவள் பிரதி அவளை நோக்கி ஓரடி நெருங்கி வந்தது. அவளுக்குக் கால் வீங்கினால் அதற்கும் வீங்கியது. அவளுக்கு மூச்சு முட்டினால் அதற்கும் முட்டியது. கடைசி நாளில் சின்னத் திரையில் தெரிந்த உருவத்துக்கும் பாயில் கிடந்த அக்காளுக்கும் வித்தியாசமே இல்லை. சந்தனமாரி சந்தோஷப்பட்டாள். கூடப்பிறந்தவள் சாகக் கிடக்கிறாள் என்று மிஷின் ஒப்புக்கொண்டதற்காக ஒரு மனுஷி சந்தோஷப்பட வேண்டியிருந்தது.

*

மாதம் பிறந்த காலையில் அளத்துப் பட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சிணுங்கின. எல்லோருக்கும் ஒரே செய்தி. கிரேஸ்லின் சத்தமாக வாசித்தாள்.

“உங்கள் பிரதியில் சிறுநீரகப் பாதிப்பு கண்டறியப்பட்டுள்ளது. இது வாழ்க்கைமுறை நோய். கடும் வெயிலைத் தவிர்க்கவும். தண்ணீர் நிறையக் குடிக்கவும். உப்பைக் குறைக்கவும். மூன்று மாதத் திருத்தக் காலத்தில் பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்களுக்குச் சிகிச்சை பரிசீலிக்கப்படும்.”

பேச்சித்தாய் பாயில் கிடந்தபடியே கேட்டாள். “உப்பைக் குறைக்கணுமா?”

“ஆமாக்கா.”

“எவ்வளவு? ஒரு அம்பாரமா, ரெண்டு அம்பாரமா?”

கூடியிருந்த பெண்கள் சிரிக்க வாயெடுத்தார்கள். சிரிப்பு வரவில்லை.

“என்னடா இது?” என்று ரிஷிகேசவனின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள் சந்தனமாரி. “வாழ்க்கைமுறையாம்! கூலிக்கு வெயில்ல நிக்கறது வாழ்க்கைமுறையா? குடியும் சிகரெட்டும் மாதிரியா?”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “மிஷினுக்குள்ள வேலைன்னு ஒரு பொருளே இல்ல மேடம். நடை இருக்கு, ஓட்டம் இருக்கு, வெயில் இருக்கு. யார் சொல்லிச் செய்றாங்கங்கறது இல்ல. தினமும் வெயிலுக்குப் போறாங்க, பட்டை போகாதேன்னு சொல்லியும் போறாங்க. அப்ப அது பழக்கம். கெட்ட பழக்கம். எழுதினவங்க ஏசி ரூம்ல உக்காந்து எழுதியிருப்பாங்க. அவங்களுக்கு வெயில்னா உடற்பயிற்சி.”

“எழவெடுத்த சட்டம்!” என்றாள் சந்தனமாரி. பேராசிரியையின் தமிழ் உதிர்ந்து அளத்துத் தமிழ் வாயில் ஏறியது. “வேர்வை சிந்தாமச் சம்பளம் வாங்குதவன் எழுதுனா இப்படித்தாம்ல இருக்கும்.”

அங்கேயே வரப்பில் உட்கார்ந்து மேல்முறையீட்டை எழுதி அனுப்பினார்கள். குழுவின் தலைவி என்கிற முறையில் அது தன் மேசைக்கு வரும். வந்த நொடியே ஒப்புதல் போட்டு நாற்காலியை ஓடவைப்பது என்று சந்தனமாரி கைபேசியைக் கையிலேயே வைத்திருந்தாள். பைசல் மதுரையில் ஒரு நாற்காலிக்குச் சொல்லி ஆம்புலன்சும் வரவழைத்துவிட்டான். அக்காளைத் தூக்கிப் படுக்கவைத்தபோது பட்டை மீண்டும் சிணுங்கியது.

‘உங்கள் மேல்முறையீடு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது.’

சந்தனமாரி நம்பவில்லை. தன் மேசைக்கு எதுவும் வரவில்லை. நலவாரியத்துக்குப் போன் போட்டாள். பல கைகள் மாறி ஓர் அதிகாரி வந்தார். பணிவான மனிதர்.

“மேடம், அந்த மேல்முறையீடு உங்க குழுதானே பாத்தது? தலைவர் ஒப்பம் இருக்கே. உங்க ஒப்பம்.”

“நான் பாக்கவே இல்ல!”

“நீங்க பாக்கலை மேடம். உங்க பிரதி பாத்துச்சு.”

“என் பிரதிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“இந்த மாசத்துலேருந்து அப்படித்தான் மேடம். அறிக்கை அனுப்பியிருந்தோமே. உங்க வகுப்பு எல்லாம் பதிவுல இருக்கு. நீங்க குடுத்த தீர்ப்பு, திருத்தின தாள், பேசின பேச்சு, எல்லாத்தையும் வச்சு உங்களை மாதிரியே யோசிக்கற ஒண்ணைச் செஞ்சிருக்கோம். விதியை எவ்வளவு தெளிவா விளக்குது தெரியுமா? உங்களுக்குப் பெருமைதான்.”

“நான் இந்த மனுவை ஒப்புக்கறேன். கேளுங்க, நான் சொல்றேன். சந்தனமாரி. உயிரோட இருக்கேன். ஒப்புக்கறேன்.”

“மேடம், முதல் விதி உங்களுக்குத் தெரியாததா? ஆளுக்கும் பிரதிக்கும் முரண் வந்தா பிரதிதான் செல்லும். உங்க பட்டையைப் பாத்தேன், நாடி ரொம்ப ஏறியிருக்கு. கொஞ்சம் தண்ணி குடிங்க.”

ஆம்புலன்ஸ் மதுரைக்குப் போனது. நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஊசி குத்தினார்கள். நாற்காலி ஓடவில்லை. பைசல் கத்தினான், மேலதிகாரியிடம் கெஞ்சினான், இயந்திரத்தின் பின்பக்கத்தைத் திறந்து கம்பியைப் பிடுங்கிப் பார்த்தான். ஓடவில்லை. ஒரு குடும்பத்தில் ஒரு பெண் சாவது புதிதல்ல, அதைக் கதையாக்கி மூக்கைச் சிந்துவதற்கு ஒன்றுமில்லை. ஓடக்கூடிய ஓர் இயந்திரத்தின் மடியில் உட்கார்ந்துகொண்டு பேச்சித்தாய் செத்தாள் என்பதுதான் சொல்ல வேண்டியது. தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக அவள் கேட்டது, “ஏளா, நீ இருக்கேன்னுல்லா நெனச்சேன்?” என்பது.

*

சந்தனமாரி ஊரில் காரியம் முடித்துவிட்டு வந்தபோது பல்கலைக்கழகம் அவளுக்கு ஓய்வு கொடுத்திருந்தது. ‘தங்களின் தற்போதைய நடத்தை தங்கள் பிரதியோடு ஒத்துப்போகவில்லை. தாங்கள் பழைய நிலைக்குத் திரும்பும்வரை வகுப்புகளைப் பிரதி நடத்தும்.’ கீழே ஆறுதலாக ஒரு வரியும் இருந்தது. கோபம் நீடித்தால் மருத்துவரை அணுகவும்.

மூன்று மாதம் கழித்து அவள் வகுப்புக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. புதிய பருவம், புதிய பிள்ளைகள். கிரேஸ்லினும் மற்ற இருவரும் விசாரணை முடியும்வரை உள்ளே வரக் கூடாது என்று வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

சுவரில் அவளே நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய பருத்திச் சேலை. பேசத் தொடங்குமுன் அவள் போடும் அதே சின்னக் கனைப்பு. கையை அவள் அசைக்கிற மாதிரியே அசைத்தது. சந்தனமாரி கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள்.

“இந்த உப்பளப் பகுதியை எடுத்துக்கொள்வோம்” என்றது பிரதி, நிதானமாக. “பல ஆண்டுகளாக நோயற்ற பகுதி. திடீரென்று ஒரே வாரத்தில் பாதிப்பு கண்டறியப்படுகிறது. முன்கூட்டியே கண்டறிந்ததால் அனைவருக்கும் உரிய அறிவுரை ஒரே நாளில் போய்ச்சேர்ந்தது. இது நமது அமைப்பின் வெற்றி. ஒரே ஒரு பயனாளி மட்டும் திருத்தக் காலத்தை நிறைவு செய்யவில்லை.”

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

சந்தனமாரி கையை உயர்த்தினாள்.

“கேளுங்கள்” என்றது பிரதி.

“ஏன் நிறைவு செய்யல?”

“தரவு இல்லை. விடுபட்ட இடத்தைச் சராசரியால் நிரப்பிக்கொள்ளலாம்.”

சில தலைகள் திரும்பின. கடைசி வரிசையில் இருக்கிற முகமும் சுவரில் இருக்கிற முகமும் ஒன்று என்று கண்டு குழம்பின. சந்தனமாரி எழுந்து வரிசைகளுக்கு நடுவே நடந்து போய்த் திரைக்கு நேர்முன்னால் நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் அவளுடைய குரல் அடுத்த பாடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இனிமையான, படித்த, ஒரு குறையும் சொல்ல முடியாத குரல்.

“மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன், மரியாதையாகத்தான். “மறைக்குது.”

“மறைக்கட்டும்ல” என்றாள் சந்தனமாரி. தொண்டையைத் திறந்து, அளத்தில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கூப்பிடுகிற குரலில் தொடங்கினாள். “எங்க அக்கா பேரு பேச்சித்தாயி. அவளை நாற்காலியில உக்காரவச்சுக் கொன்னாவ. கொன்னது யாருன்னு கேளுங்க. அந்தா, என் பின்னால நின்னு பாடம் நடத்துதால்லா, அவதான்.”